ஏழாம் அத்தியாயம்: மரக்காணத்துப் பெட்டிக்கு ஒரு கெர்னல்

மரக்காணம் உப்பளங்களில் உப்புக்காலம் ஏறத்தாழ ஜனவரியில் தொடங்கும். வடகிழக்குப் பருவமழை இறங்கும்வரைதான் அதற்கு ஆயுள். உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் காயவைத்து, அடர்த்தியை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். கடல்நீர் பாமே அளவில் சுமார் 3.5 பாகை. அது 25 பாகையைத் தொட்ட பிறகுதான் உப்பு விளையத் தொடங்கும். நடுவில் ஒரு கோடை மழை பெய்தால் ஏறிய அடர்த்தி இறங்கிவிடும். பல நாள் வெயிலும் உழைப்பும் கரைந்து போகும். புயல் என்றால் கேட்கவே வேண்டாம். 2020 நவம்பரில் நிவர் இந்தக் கரையை ஒட்டித்தான் நிலத்தில் ஏறியது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல், உப்பளங்களை வெள்ளத்தில் மூழ்கடித்தது.

இப்படிப்பட்ட பாத்தியோரம் ஒன்றில் வைக்கத்தக்க சிறு கருவிதான் இந்த அத்தியாயத்தின் பயிற்சி. ராஸ்பெர்ரி பை 4 பலகை ஒன்று. காற்றழுத்தம், ஈரப்பதம், வெப்பம் மூன்றையும் அளக்கும் பாஷ் நிறுவனத்தின் பிஎம்இ280 உணரி. உவர்நீரில் அமிழ்த்தி வைக்க, துருப்பிடிக்காத உறைக்குள் இருக்கும் டிஎஸ்18பி20 வெப்ப உணரி. மின்சாரம் போனாலும் நேரத்தை மறக்காத டிஎஸ்3231 கடிகாரச் சில்லு. அளவுகளை வெளியே அனுப்ப ஒரு 4ஜி யூஎஸ்பி மோடம். கடைகளில் எளிதாகக் கிடைப்பவை இவை. மரக்காணம் உள்ள விழுப்புரம் மாவட்டத்திலேயே கட்டற்ற மென்பொருளைக் கிராமப்புற மாணவர்களுக்குச் சொல்லித்தரும் குனு/லினக்ஸ் பயனர் குழு இயங்குகிறது; அந்த வட்டாரத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் இந்தப் பெட்டியைச் செய்துவிட முடியும்.

சிக்கல் பெட்டியில் இல்லை. அதற்குள் ஓடும் லினக்ஸ் கெர்னலை அமைப்பதில் இருக்கிறது.

முதலில் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்வது நல்லது: சொந்தமாகக் கெர்னல் கட்டத்தான் வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். சென்னை சி-டாக் 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸாகட்டும், ராஸ்பெர்ரி பையின் சொந்த இயங்குதளமாகட்டும், அவற்றோடு வரும் கெர்னலில் ஏறத்தாழ எல்லா டிரைவர்களும் மாட்யூல்களாகக் கட்டப்பட்டிருக்கும். தேவையானது தானாக ஏறிக்கொள்ளும். அந்த வசதிதான் சார்புகளைப் பயனர் கண்ணில் படாமல் வைத்திருக்கிறது. விரைவாகத் துவங்கும், அளவில் சிறிய, திடீரென மின்சாரம் போனாலும் எஸ்டி அட்டை கெடாத கருவி வேண்டும் என்கிறபோதுதான் சொந்தக் கெர்னலுக்கு அவசியம் வருகிறது. அப்போதும் வெற்றுத் தாளிலிருந்து தொடங்கக் கூடாது. பலகைக்கென்று வரும் டெஃப்கான்ஃபிக் கோப்பிலிருந்து தொடங்கி, வேண்டாததைக் கழிப்பதே பிழைக்கும் வழி.

வேண்டுகோளும் விடையும்

கெர்னலின் தெரிவுகள் எல்லாம் டாட் கான்ஃபிக் என்ற ஒரே கோப்பில் வரிவரியாக இருக்கும். அதை உரைத்தொகுப்பியில் திறந்து, பிஎம்பி280 என்ற தெரிவுக்கு நேரே ‘ஒய்’ என்று எழுதிவிட்டு கோப்பைச் சரிபார்த்துத் திருப்பி எழுதும் ‘மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்’ கட்டளையைக் கொடுத்தால், சில சமயம் அந்த வரியே காணாமல் போகும். பிழைச்செய்தி வராது. எச்சரிக்கையும் வராது. கெர்னல் ஒழுங்காகக் கட்டப்படும், பலகையும் துவங்கும். உணரி மட்டும் இருக்காது.

இதைப் புரிந்துகொள்ள, அந்தக் கோப்பில் மனிதர் எழுதுவது வேண்டுகோள் மட்டுமே என்பதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். விடை சொல்வது கேகான்ஃபிக். ரோமன் ஸிப்பெல் எழுதி, 2002-இல் 2.5 வரிசைக் கெர்னலில் சேர்ந்த இந்த மொழியில்தான் ஒவ்வொரு தெரிவும் எதைச் சார்ந்தது, எதை இழுத்து வருகிறது என்பது எழுதப்பட்டிருக்கிறது. இன்று கெர்னலில் உள்ள தெரிவுகள் பத்தாயிரத்துக்கும் மேல். 2011-இல் ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2.6.35 பதிப்பை அலசி, தெரிவுகளுக்கும் நிரலுக்கும் ஒத்துப்போகாத 1,776 இடங்களைக் கண்டுபிடித்தார்கள். கெர்னலை எழுதுகிறவர்களுக்கே கணக்குத் தப்புகிற இடம் இது. முதன்முறை அமைக்கிற மாணவர் தடுமாறுவது அவருடைய குறையாகாது.

சார்புகளில் முதல் வகை ‘டிபென்ட்ஸ் ஆன்’. உப்புப் பாத்தியின் மடையைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது, மேல்பாத்தியின் மடையும் திறந்திருந்தால்தான் நீர் வரும், இதுவும் அப்படித்தான். பிஎம்பி280 டிரைவர், ஐஐஓ என்ற உணரித் தொகுதிக்குள் அடங்கியது. அதோடு ஐ2சி, எஸ்பிஐ என்ற இணைப்புத் தடங்கள் இரண்டில் ஒன்றாவது வேண்டும். ஐஐஓ மூடியிருந்தால் கீழே எழுதிய வரிக்கு மதிப்பே கிடையாது.

டாட் கான்ஃபிக்கைப் படிக்கையில் உதவும் நுணுக்கம் ஒன்று உண்டு. ஒரு தெரிவு ‘இஸ் நாட் செட்’ என்று எழுதப்பட்டிருந்தால், அதன் சார்புகள் நிறைவேறியிருக்கின்றன, யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று பொருள். பார்ப்பதற்குக் குறிப்புரை போலத் தோன்றும் அந்த வரியை ‘வேண்டாம்’ என்ற விடையாகவே கேகான்ஃபிக் படிக்கிறது. அந்தத் தெரிவின் பெயரே கோப்பில் எங்கும் இல்லையென்றால், பெரும்பாலும் மேலே ஏதோ ஒரு சார்பு மூடிக்கிடக்கிறது. அல்லது இந்தப் பதிப்பில் அப்படி ஒரு தெரிவே இல்லை. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்தாலே பாதித் தேடல் மிச்சமாகும்.

அடுத்தது ‘ஒய்’, ‘எம்’, ‘என்’ என்ற மூன்று மதிப்புகளின் கணக்கு. ‘ஒய்’ என்றால் கெர்னலோடு சேர்த்துக் கட்டியது, ‘எம்’ என்றால் பிறகு ஏற்றத்தக்க மாட்யூல், ‘என்’ என்றால் இல்லை. கேகான்ஃபிக் இவற்றை 2, 1, 0 என எடுத்துக்கொள்கிறது. இரண்டு சார்புகளும் வேண்டும் என்றால் சிறிய மதிப்பு. ஏதாவது ஒன்று போதும் என்றால் பெரிய மதிப்பு. எஸ்பிஐ அணைந்து, ஐ2சி ‘எம்’ ஆக இருக்கும் நிலையில் பிஎம்பி280-க்கு ‘ஒய்’ கேட்டால் ‘எம்’ தான் கிடைக்கும். ‘ஒய்’ சத்தமில்லாமல் ‘எம்’ ஆகிவிடுகிறது. மாட்யூல்களைப் பலகைக்கு நகலெடுக்க மறந்த மாணவருக்கு அது ‘என்’ ஆனதற்குச் சமம்.

இழுத்து வருகிறவை

‘செலக்ட்’ இதற்கு நேர்மாறான திசையில் வேலை செய்கிறது. ஒரு தெரிவை எடுத்தால், அது தனக்கு வேண்டிய இன்னொன்றைத் தானே இழுத்து வந்துவிடும். நமது மோடத்துக்கான ‘ஆப்ஷன்’ டிரைவரைத் தேர்ந்தெடுத்தால் யூஎஸ்பி_சீரியல்_டபிள்யூவான் என்ற மற்றொன்று கூடவே வரும். பின்னது எந்தப் பட்டியலிலும் தென்படாது, ஏனென்றால் பயனர் தொடுவதற்கான வாசகமே அதற்கு இல்லை. ரெக்மேப்_ஐ2சி-யும் அந்த இனம்தான். டாட் கான்ஃபிக்கில் அதைக் கையால் ‘ஒய்’ என்று எழுதினால், அடுத்த ஓட்டத்தில் கேகான்ஃபிக் அழித்துவிடும். அதை இழுக்கும் டிரைவர் எதுவோ அதைத்தான் கேட்க வேண்டும்.

செலக்ட்டில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. இழுக்கப்படும் தெரிவின் சார்புகள் நிறைவேறியிருக்கின்றனவா என்று அது பார்ப்பதில்லை, வலுக்கட்டாயமாகத் திறந்துவிடும். வாசகம் இல்லாதவற்றுக்கும் சார்பு இல்லாதவற்றுக்கும் மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும் என்று கெர்னலின் சொந்த ஆவணமே எச்சரிக்கிறது. கெர்னலின் மூலநிரல் மரத்துக்கு வெளியே யாரோ எழுதிய டிரைவர் ஒன்று, ஐ2சி வேண்டும் என்று சொல்லாமல் ரெக்மேப்_ஐ2சி-யை மட்டும் இழுத்தால், ‘அன்மெட் டைரக்ட் டிபென்டன்சீஸ்’ என்று தொடங்கும் எச்சரிக்கை திரையில் ஓடும். பலரும் அதை விட்டுவிட்டு அடுத்த கட்டளைக்குப் போகிறார்கள். போகவே கூடாது. எந்தத் தெரிவு, அது எதைச் சார்ந்தது, அதை இழுத்தது யார் என்ற மூன்றும் அந்தச் செய்திக்குள்ளேயே இருக்கின்றன. அதைக் கடந்து கட்டத் தொடங்கினால், நெடுநேரம் ஓடிய பின் இணைப்புக் கட்டத்தில் பிழை வந்து நிற்கும். அதுகூட நல்ல முடிவுதான். பிழையே வராமல் கட்டி முடிவது இன்னும் மோசம்.

4.10 பதிப்பில் வந்த ‘இம்ப்ளை’ சற்று மென்மையானது. இழுக்கும், சார்பு இல்லையென்றால் விட்டுவிடும், பயனர் வேண்டாம் என்றால் கேட்டுக்கொள்ளும். இதனால் ‘அந்த டிரைவரை எடுத்தால் இதுவும் வந்துவிடும்’ என்று நம்பியிருக்கக் கூடாது.

பெயருக்குப் பின்னால்

பிஎம்இ280-ஐ, தெரிவுகளைப் பட்டியலாகக் காட்டும் மெனுகான்ஃபிக் திரையில் தேடினால் எதுவும் கிடைக்காது. சாய்வுக்கோட்டு விசையை அழுத்தி வரும் தேடல், தெரிவுகளின் பெயர்களை மட்டுமே பார்க்கிறது. அந்த உணரியை இயக்குவதோ பிஎம்பி280 என்ற பெயருள்ள டிரைவர். டிஎஸ்3231-க்கும் இதே கதை: அது டிஎஸ்1307 டிரைவருக்குள் இருக்கிறது. ஒரு டிரைவர் எழுதப்பட்டபோது சந்தையிலிருந்த சில்லின் பெயரே அதற்கு நிலைத்துவிடும். பின்னால் வந்த சில்லுகள் அதில் சேர்ந்துகொள்ளும். எனவே மூலமரத்தில் கேகான்ஃபிக் கோப்புகள் அனைத்திலும் ‘கிரெப்’ கட்டளையால் சில்லின் பெயரைத் தேடுவது மேல். உதவிக் குறிப்புகளுக்குள் அது பெரும்பாலும் அகப்படும். அங்கும் இல்லையென்றால் டிரைவர் நிரல்களுக்குள் தேடலாம்.

பெயர் கிடைத்தபின் மெனுகான்ஃபிக்கின் தேடல் மிகவும் பயன்படும். சார்புக் கோவை முழுவதையும், ஒவ்வொன்றின் இப்போதைய மதிப்போடு சேர்த்துக் காட்டிவிடும். ஐஐஓ-வுக்குப் பக்கத்தில் ‘என்’ என்றிருந்தால், முதலில் திறக்க வேண்டியது எது என்று தெரிந்துவிட்டது. ‘இசட்’ விசையை அழுத்தினால் மறைந்திருக்கும் தெரிவுகளும் பட்டியலில் தெரியும். ‘எக்ஸ்பர்ட்’ தெரிவை இயக்கினால் மட்டுமே தலைகாட்டுகிறவையும் உண்டு. கெர்னலைச் சுருக்கும் ஆசையில் அதைத் திறந்து டைமர்எஃப்டி, சிக்னல்எஃப்டி போன்றவற்றை அணைத்தால், துவக்கத்தை நடத்தும் சிஸ்டம்டி-யை நம்பியிருக்கும் இயங்குதளம் துவங்காமல் தவிக்கும். அந்தச் சார்பு கேகான்ஃபிக்கில் எங்கும் எழுதப்படவில்லை. சிஸ்டம்டி-யின் ரீட்மீ கோப்பில்தான் இருக்கிறது.

கேகான்ஃபிக்குக்கே தெரியாத இத்தகைய சார்புகள்தான் கெர்னலை அமைப்பவரை அதிகம் அலைக்கழிப்பவை. சிலவற்றை விரிவாகப் பார்த்துவிட வேண்டும்.

எஸ்டி அட்டையின் டிரைவரையும் எக்ஸ்ட்4 கோப்பு முறையையும் மாட்யூல்களாக வைத்து, தொடக்க நினைவக வட்டு இல்லாமல் துவக்கினால், வேர்க் கோப்பு முறையை ஏற்ற முடியவில்லை என்று சொல்லிக் கெர்னல் நின்றுவிடும். அட்டையைப் படிக்கும் மாட்யூல் அந்த அட்டைக்குள்ளேயே இருக்கிறது! கேகான்ஃபிக் பார்வையில் இதில் தவறே இல்லை. ‘எம்’ செல்லுபடியாகும் விடைதான். துவக்கப் பாதையில் உள்ள எல்லாவற்றையும் ‘ஒய்’ ஆக்குவது அமைப்பவரின் பொறுப்பு.

மின்வெட்டைத் தாங்க ஸ்க்வாஷ்எஃப்எஸ் என்ற படிக்க மட்டுமான கோப்பு முறையைப் பயன்படுத்துவது இத்தகைய பெட்டிகளுக்கு நல்ல யோசனை. ஆனால் படிமத்தை எக்ஸ்இசட் முறையில் சுருக்கிவிட்டு, கெர்னலில் இசட்லிப் ஆதரவை மட்டும் வைத்திருந்தால் அது ஏறாது. ஸ்க்வாஷ்எஃப்எஸ்-க்குள் ஒவ்வொரு சுருக்கமுறைக்கும் தனித்தனித் தெரிவு இருக்கிறது. படிமம் எந்த முறையில் சுருங்கியது என்பது கேகான்ஃபிக்குக்கு எப்படித் தெரியும்?

உவர்நீருக்குள் இருக்கும் டிஎஸ்18பி20-இன் கதை இன்னும் நுட்பமானது. அதன் டிரைவர், ஹெச்டபிள்யூமான் என்ற வன்பொருள் கண்காணிப்புத் தொகுதி எட்டும் நிலையில் இருந்தால் அதனோடும் தன்னைப் பதிவு செய்துகொள்ளும். டிரைவரை ‘ஒய்’ ஆகவும் ஹெச்டபிள்யூமானை ‘எம்’ ஆகவும் வைத்தால், அந்தப் பகுதி நிரலிலிருந்தே விலகிவிடும். காரணம் எளிது: உள்ளே கட்டப்பட்ட நிரல், பிறகு ஏறப்போகும் மாட்யூலை அழைக்க முடியாது. எச்சரிக்கை எதுவும் கிடையாது. ஒற்றைக் கம்பித் தடத்தின் சிஸ்எஃப்எஸ் கோப்பில் வெப்பநிலை ஒழுங்காக வரும். ஹெச்டபிள்யூமான் வழியாகப் படிக்கும் நிரலுக்கோ அப்படி ஓர் உணரியே இருக்காது. டிஎஸ்3232 கடிகாரச் சில்லின் வெப்பமானித் தெரிவில் இதே நிபந்தனை, ஒன்று ‘ஒய்’, மற்றது ‘எம்’ எனக் கலக்கக் கூடாது என்று கேகான்ஃபிக்கிலேயே வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த நேர்மை எல்லா டிரைவர்களிலும் இல்லை. சேர்ந்து இயங்க வேண்டிய இரண்டும் ஒரே மதிப்பில் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிடுவதே பாதுகாப்பு.

கெர்னலில் எல்லாம் சரியாக இருந்தும் உணரி வராமல் போவதற்கு இன்னொரு வழியும் உண்டு. ராஸ்பெர்ரி பை போன்ற பலகைகளில் எந்தத் தடத்தில் எந்தச் சில்லு இருக்கிறது என்பதை டிவைஸ் ட்ரீ சொல்ல வேண்டும். துவக்கப் பகுதியிலுள்ள அமைப்புக் கோப்பில் ஐ2சி-யை இயக்கி, பிஎம்இ280-க்கும் டிஎஸ்3231-க்கும் ஒற்றைக் கம்பித் தடத்துக்கும் உரிய ஓவர்லே வரிகளைச் சேர்த்தால்தான் டிரைவர் தன் சில்லைத் தேடிப் போகும். உணரி வராதபோது கெர்னலைத் திரும்பக் கட்டுவதற்கு முன் இந்தக் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும்.

துண்டுக் கோப்பும் சரிபார்ப்பும்

ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட டாட் கான்ஃபிக்கைக் கையால் பராமரிப்பது வீண் வேலை. பலகையின் டெஃப்கான்ஃபிக்கை அப்படியே விட்டு, இந்தப் பெட்டிக்கென்று வேண்டியவற்றை மட்டும் ஒரு துண்டுக் கோப்பில் எழுதுவது நல்லது. மொத்தம் முப்பது நாற்பது வரிதான் இருக்கும். எது எந்தச் சில்லுக்காக என்று பக்கத்திலேயே தமிழில் குறிப்பும் எழுதலாம். மூலமரத்துடன் வரும் மெர்ஜ்_கான்ஃபிக் என்ற ஸ்கிரிப்ட் இரண்டையும் சேர்த்துத் தரும். அதன் உண்மையான மதிப்பு, சேர்த்து முடித்தபின் அது செய்யும் ஒப்பீட்டில் இருக்கிறது. துண்டுக் கோப்பில் கேட்டது இறுதிக் கோப்பில் இல்லையென்றால், கேட்ட மதிப்பையும் கிடைத்த மதிப்பையும் அருகருகே சொல்லிவிடும். ஓல்ட்டெஃப்கான்ஃபிக் சொல்லாமல் விட்டதை இது சொல்கிறது. இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்பவர் இதை எடுத்துக்கொள்ளட்டும். ‘ஸ்கிரிப்ட்ஸ்/கான்ஃபிக்’ கருவியும் வசதியானதே, ஆனால் அது எந்தச் சார்பையும் பார்க்காமல் வரியை மட்டும் மாற்றும். அதற்குப்பின் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் ஓட்டி, வரி நிலைத்ததா என்று பார்க்க வேண்டும்.

கெர்னலைச் சுருக்குவதற்கு ‘லோக்கல்மாட்கான்ஃபிக்’ என்ற குறுக்குவழி உண்டு. அந்த நேரத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களைப் பார்த்து, மற்ற மாட்யூல்களை எல்லாம் கழித்துவிடும். மேசையில் மோடத்தைச் செருகாமல் அதை ஓட்டினால் மோடத்தின் டிரைவர் போய்விடும். பெட்டி உப்பளத்துக்குப் போனபின்தான் அது தெரியவரும். எல்லா உணரிகளையும் செருகி, மோடத்தை இணைத்து, ஒருமுறை தரவு அனுப்பிப் பார்த்தபின்பே அதை ஓட்ட வேண்டும்.

பதிப்பு மாறும்போது மறுபடி ஒரு கண்டம். தெரிவுகளின் பெயர்கள் மாறுகின்றன, ஒன்றோடொன்று இணைகின்றன. ஐபிவி4-க்கென்று தனியாக இருந்த இணைப்புக் கண்காணிப்புத் தெரிவு 4.19-இல் பொதுத் தெரிவுக்குள் கலந்துபோனது ஓர் எடுத்துக்காட்டு. பழைய பெயரைத் தாங்கிய வரியைப் புதிய கெர்னல் பேசாமல் தள்ளிவிடும். மேம்படுத்தும் நாளில் முதலில் ‘லிஸ்ட்நியூகான்ஃபிக்’ ஓட்டிப் புதிதாக வந்தவற்றைப் பார்ப்பதும், பழைய, புதிய டாட் கான்ஃபிக்குகளை ‘டிஃப்கான்ஃபிக்’ கொண்டு ஒப்பிடுவதும் சிறிது நேர வேலை. அண்மைப் பதிப்புகளில், அறியாத பெயர்களுக்கு எச்சரிக்கை தரும்படி கேகான்ஃபிக்கைக் கேட்கும் சூழல் மாறி ஒன்றும் இருக்கிறது. அதை நிரந்தரமாக இயக்கி வைப்பதில் எந்த நட்டமும் இல்லை.

இறுதிச் சோதனையைக் கோப்பில் செய்யக் கூடாது, ஓடும் பெட்டியில் செய்ய வேண்டும். ஐஐஓ அடைவுக்குள் பிஎம்இ280 மூன்று அளவுகளையும் தருகிறதா? ஒற்றைக் கம்பித் தடத்தில் 28 என்று தொடங்கும் எண்ணோடு வெப்ப உணரி வந்திருக்கிறதா? வலையிணைப்பு இல்லாமல் மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி கொடுத்தால் நேரம் சரியாக இருக்கிறதா? ராஸ்பெர்ரி பை 4-இல் மின்கலம் தாங்கும் கடிகாரம் இல்லாததால், இந்தக் கேள்விக்கு விடை டிஎஸ்3231-உம் அதன் டிரைவரும்தான். நேரம் தவறிய வெப்பநிலைப் பதிவு உப்பளக்காரருக்கு உதவாது.

பெட்டியைப் பாத்தியோரம் வைப்பதற்கு முன் ஐகேகான்ஃபிக், ஐகேகான்ஃபிக்_ப்ராக் என்ற இரு தெரிவுகளையும் ‘ஒய்’ ஆக்கிவிட வேண்டும். அப்போது, கெர்னல் எந்தத் தெரிவுகளோடு கட்டப்பட்டது என்ற முழுப் பட்டியலும் ப்ராக் அடைவுக்குள் சுருக்கிய கோப்பாகக் கிடைக்கும். ஆறு மாதம் கழித்து வேறொருவர் வந்து பழுது பார்த்தாலும், அனுமானிக்க வேண்டியதில்லை. முதல் தெரிவை ‘எம்’ ஆக வைத்தவர்களுக்கு, ‘கான்ஃபிக்ஸ்’ என்ற மாட்யூலை ஏற்றும்வரை அந்தக் கோப்பு கண்ணில் படாது.